பெருநட்டத்தார் அறை

சகலைக்கு வந்த நட்டத்தைப் பார்த்து மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது. வெளியே சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்று அவருக்கே தெரியும். ஆனால் எரிகிற வயிறு நியாயம் கேட்டுக்கொண்டா எரிகிறது?

இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். தங்கையைக் கட்டிய மெக்கானிக், ஃபிரிட்ஜ், ஏசி என்று குளிரவேண்டியது எது குளிராமல் போனாலும் போய்ச் சரிசெய்வார். அக்காவைக் கட்டியவர் டைல்ஸ் கடை வைத்திருந்தார். அவர் கார் மாற்றினால் மெக்கானிக் வீட்டுக் குழம்பில் உப்பு கூடும். கடைக்கு இரண்டாவது கிளை திறந்த மாதம் குழம்பே இல்லை.

அந்த டைல்ஸ்காரர்தான் முதலில் 'காசுக்கடல்' என்ற கிரிப்டோ சந்தையில் பணம் போட்டார். கைபேசியைத் திறந்தால் ஒரு பச்சைக் கோடு மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கும். அதைப் பிறந்த குழந்தையின் படத்தைக் காட்டுவதுபோல் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

"ஏங்க, அத்தான் போட்டிருக்காரே, நாம மட்டும் என்ன இளிச்சவாயா?" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

அவர்களிடம் இருந்தது, குடியிருக்கும் வீட்டையே விலைக்கு வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம். வீட்டுக்காரர் நல்ல மனிதர். விற்றால் உங்களுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பணம் கடலுக்குப் போனது. கொஞ்ச காலம் இவர்கள் கைபேசியிலும் கோடு பச்சையாக ஏறியது. பிறகு ஒரு காலை, 'பராமரிப்பு நடைபெறுகிறது' என்று எழுத்து வந்தது. பராமரிப்பு என்ற சொல்லின்மேல் மெக்கானிக்குக்குத் தொழில் மரியாதை உண்டு. பொறுமையாகக் காத்திருந்தார். மறுவாரம் செய்தி வந்தது. கடலை நடத்தியவர்களைக் காணவில்லை, சந்தை மூடப்பட்டது, கஜானாவில் பாதிப் பணம் மிச்சம் இருக்கிறது, அதை உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க நீதிமன்றம் ஒரு மீட்பு மன்றத்தை அமைத்திருக்கிறது.

மீட்பு மன்றம் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. பதிவு செய்யும் இடத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு போச்சு?"

மெக்கானிக் சொன்னார்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அவ்வளவுதானா?"

"எங்களுக்கு அது பெருசுங்க."

"உங்களுக்குப் பெருசு. மன்றத்துக்கு சிறுசு" என்று சொல்லி, 'சிறுநட்டத்தார்' என்று எழுதிய அட்டையை நூலில் கோத்து அவர் கழுத்தில் மாட்டினார். சிறுநட்டத்தாருக்கு நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி. நடுநட்டத்தாருக்கு உள்ளே பெஞ்சும் மின்விசிறியும். பெருநட்டத்தாருக்குக் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. உள்ளே சோபா, ஏசி, காபி.

மெக்கானிக் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் டைல்ஸ்காரர் வந்தார். கழுத்தில் தங்க நிற நாடா. பின்னால் ஒருவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அட, சகலை! நீங்களும் வந்தாச்சா?" என்றார் டைல்ஸ்காரர். "ஐயோ பாவம், வெளியிலயா உக்கார வெச்சிருக்காங்க? எனக்குப் போனது கொஞ்சம் அதிகம் பாருங்க, அதனால உள்ள." சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்தார். ஜில்லென்று ஒரு காற்று மெக்கானிக்கின் முகத்தில் அடித்து, கதவு மூடியதும் நின்றுபோனது.

பக்கத்து நாற்காலியில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருந்தார். ஓய்வின்போது கையில் வந்ததையெல்லாம் ஒரு சொந்தக்காரப் பையன் பேச்சைக் கேட்டுக் கடலில் போட்டவர். அவரும் சிறுநட்டத்தார்தான்.

"உங்களுக்கு எவ்வளவும்மா போச்சு?"

"மொத்தமும் போச்சு தம்பி. என்ன, என் மொத்தமே சிறுசு" என்றார் நர்ஸ்.

நட்டம் அடைந்ததை முதலில் நிரூபிக்கவேண்டும். அதற்குக் காசுக்கடல் செயலியைத் திறந்து, உள்ளே இருக்கும் கணக்கைப் படம் எடுத்துக் கொண்டுவரச் சொன்னார்கள்.

"செயலி திறக்கலையே" என்றார் மெக்கானிக்.

"திறக்கலைன்னு ஒரு சான்று வாங்கிட்டு வாங்க."

"யார்கிட்ட?"

"செயலிகிட்டதான். உள்ள போனா 'உதவி'ன்னு ஒண்ணு இருக்கும், அதை அழுத்துங்க."

"உள்ளதாங்க போக முடியல."

"அது உங்களுக்கும் அவங்களுக்கும் உள்ள பிரச்சினை. நாங்க நடுநிலை" என்றார் பதிவு அம்மா.

அடுத்தது முகச் சரிபார்ப்பு. கேமராவுக்கு முன் நின்று, "நான்தான் நட்டமடைந்தேன்" என்று தெளிவாகச் சொல்லி, இடமும் வலமும் திரும்பவேண்டும். மெக்கானிக் தேறிவிட்டார். நர்ஸின் படத்தை நிராகரித்துவிட்டார்கள். காரணம்: விண்ணப்பதாரர் புன்னகைக்கிறார்.

"அது சிரிப்பு இல்லம்மா. என் முகமே அப்படித்தான்" என்றார் நர்ஸ். "நோயாளிங்க பயந்துடக் கூடாதுன்னு காலமெல்லாம் அப்படியே வெச்சிருந்து பழகிப்போச்சு."

"நட்டப்பட்டவங்க முகம் மாதிரி இல்லையே. அடுத்த மாசம் வாங்க. வரும்போது கொஞ்சம் வருத்தமா வாங்க."

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவி தயாராக நின்றாள். அக்காவோடு அப்போதுதான் கைபேசியில் பேசி முடித்திருந்தாள்.

"அத்தானை அங்க 'சார்'னுதான் கூப்பிடுறாங்களாம். ரெண்டு தடவை காபியாம். பிஸ்கட் வேறயாம். உங்களுக்கு என்ன குடுத்தாங்க?"

"டோக்கன் குடுத்தாங்க."

"அக்கா பேசுற பேச்சைக் கேக்கணுமே! 'எங்களுக்குப் போன மாதிரி யாருக்கும் போகலடி'ன்னு மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்றா. ஏங்க, நஷ்டப்படுறதுலகூட நமக்கு ஒரு தரம் வேணாமா?"

மெக்கானிக் மறுநாள் வெட்கத்தை விட்டு மன்றத்தில் கேட்டுப் பார்த்தார். ஸ்கூட்டர் பெட்ரோல், வேலைக்குப் போகாத நாள் கூலி, தூக்கம் கெட்டது எல்லாவற்றையும் சேர்த்து நட்டத்தை உயர்த்திக்கொள்ள வழி உண்டா என்று. உண்டு, ஆனால் அதற்குப் பெருநட்டத்தார் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்றார்கள்.

மாதக் கூட்டத்தில் தலைமை மீட்பாளர் பேசினார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், கைகளைக் கூப்பிக்கொண்டே பேசுகிற பழக்கம்.

"அன்பார்ந்த நட்டத்தாரே! காசுக்கடல்காரர்கள் உங்கள் பணத்தை உங்களுக்குத் தெரியாமல் செலவழித்தார்கள். அந்த அநியாயம் இந்த மன்றத்தில் ஒருபோதும் நடக்காது. ஒவ்வொரு காசையும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செலவழிப்போம்!"

சோபா வரிசை கைதட்டியது. நடைபாதையிலிருந்து மெக்கானிக் எழுந்து, "ஐயா, எப்ப திருப்பிக் குடுப்பீங்க?" என்றார்.

தலைமை மீட்பாளர் அவரைப் பாசத்தோடு பார்த்தார். "நல்ல கேள்வி. பணத்தைக் கொடுப்பது அரைநாள் வேலை. யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு, எந்த விதிப்படி என்று ஆராய்வதுதான் பெரிய வேலை. அவசரப்பட்டு எல்லாருக்கும் கொடுத்துவிட்டால், அப்புறம் மீட்பதற்கு என்ன மிச்சம் இருக்கும்? மன்றமே கலைந்துபோகும். உங்களுக்காகக் கேள்வி கேட்க ஒரு நாதி இருக்காது."

கேள்வி கேட்டவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டார்கள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் வெயில் உச்சத்தில் இருந்த ஒரு பகலில் பெருநட்டத்தார் அறையின் ஏசி நின்றுபோனது. கண்ணாடிக்குப் பின்னால் சகலையின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்வதை மெக்கானிக் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து பார்த்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவருக்கு மனசு நிறைந்திருந்தது. மன்றத்தின் மேலாளர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து, "யாராவது மெக்கானிக் தெரியுமா?" என்று கத்தினார்.

"இதோ இருக்காரே" என்றார் நர்ஸ்.

வேறு வழியில்லாமல் மெக்கானிக் எழுந்தார். குழாயில் ஒரு கசிவு; அடைத்து, கேஸ் நிரப்பினார். குளிர் வந்ததும் டைல்ஸ்காரர், "ராசியான கை, சகலை" என்று சோபாவில் சாய்ந்தபடி பாராட்டியது வெந்த புண்ணில் வேல் பாய்ந்த மாதிரி இருந்தது.

பில் கொடுத்துவிட்டு, இதற்கும் ஒரு முகச் சரிபார்ப்பு இருக்கும் என்று காத்து நின்றார். கணக்கர் அங்கேயே பணத்தை எண்ணிக் கையில் வைத்தார்.

மெக்கானிக் பணத்தைப் பார்த்தார், கணக்கரைப் பார்த்தார். "சார், இது எந்தப் பணம்?"

"மீட்புச் செலவு. கஜானாவிலேர்ந்துதான்."

"கஜானாவுல இருக்கிறது எங்க பணமாச்சே?"

"ஆமா, உங்க பணம்தான். நட்டத்தாருக்குக் கடைசியிலதான் தரணும். மீட்பு வேலைக்கு உதவுறவங்களுக்கு உடனே தரணும். விதி அப்படி."

"ரெண்டும் நான்தானே சார்?"

"அது உங்க அதிர்ஷ்டம்" என்றார் கணக்கர்.

அன்று மெக்கானிக் வீட்டுக்கு நேராகப் போகவில்லை. ஸ்கூட்டரை ஒரு மரத்தடியில் நிறுத்திக் கொஞ்ச நேரம் யோசித்தார். மறுநாள் காலை மேலாளரைப் பார்த்து, இந்த ஏசி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லமுடியாது என்றார். பொய் இல்லை, எந்த ஏசியைப் பற்றியும் அப்படிச் சொல்லலாம். அந்த மாதத்துக்குள் பெருநட்டத்தார் அறைக்குப் புதிதாகப் பெரிய ஏசி வந்தது. பிறகு நடுநட்டத்தாருக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று. அவர் கழுத்தில் 'ஒப்பந்தக்காரர்' என்று சிவப்பு நாடா தொங்கியது. அதற்கு எல்லாக் கதவும் திறந்தன. காபியும் வந்தது.

இப்போது எரிச்சல் சோபாப் பக்கம் போனது. டைல்ஸ்காரர் விஷயத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டார். ஒரே வாரத்தில் நடைபாதையின் தரையைப் பெயர்த்துப்போட்டார்கள். நட்டத்தார் கால் தடுக்கி விழக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பளபளவென்று டைல்ஸ் பதித்தார்கள். இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள். அதனால் அதைப் பெயர்த்து, சொரசொரப்பான டைல்ஸ் பதித்தார்கள். டைல்ஸ் சூட்டைப் பிடித்து வைக்கிறது, பெரிய ஏசி வேண்டும் என்றார் மெக்கானிக். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, சுவருக்கும் டைல்ஸ் வேண்டும் என்றார் டைல்ஸ்காரர். மன்றம் இருவர் சொன்னதையும் ஏற்றுக்கொண்டது.

செய்தி பரவியது. நட்டத்தாரில் திறமைசாலிகளுக்கா பஞ்சம்? மீன்தொட்டிக்காரர் மன அமைதிக்காக ஆளுயரத் தொட்டி வைத்தார். மீன்களின் பராமரிப்புக்குத் தனி ஒப்பந்தம். திரைச்சீலைக்காரர் ஜன்னல் இல்லாத சுவருக்கும் திரை போட்டார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மன்ற ஊழியர்களுக்குப் பொறுமைப் பயிற்சி நடத்தினார். பொதுமக்கள் காத்திருப்பதைப் பார்த்து அவர்கள் மனம் தளர்ந்துவிடக் கூடாது அல்லவா? ஒவ்வொருவரும் அடுத்தவர் பில்லை ஓரக்கண்ணால் பார்த்துத் தங்கள் பில்லைத் தயார் செய்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கடைசியில் நர்ஸ் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களும் ஏதாவது செய்யலாமேம்மா" என்றார் மெக்கானிக், ஏணியில் நின்றபடி.

"எனக்குத் தெரிஞ்சது ஊசி போடுறது. இங்க யாருக்கும் காய்ச்சல் வர மாட்டேங்குதே" என்றார் நர்ஸ். பிறகு கண்ணாடி அறையைக் காட்டி, "அந்தப் பெரிய ஏசிக்கு எவ்வளவு தம்பி பில் போட்டீங்க?" என்று கேட்டார்.

மெக்கானிக் சொன்னார்.

நர்ஸ் தலையை ஆட்டினார். "என்னோடதுல நாலுல ஒரு பங்கு வரும்." கோபமே இல்லை. காய்ச்சல் எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிற குரல்.

மெக்கானிக் ஏணியை விட்டு இறங்கினார். திருப்புளியைப் பையில் போட்டார். அதற்குமேல் அவருக்கு அன்று வேலை ஓடவில்லை.

நிறைவுக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. நாலு சுவரும் மின்ன, திரைகள் ஆட, மீன்கள் நீந்த, தலைமை மீட்பாளர் கைகூப்பி எழுந்தார்.

"அன்பார்ந்த நட்டத்தாரே! மீட்புப் பணி வெற்றிகரமாக முடிந்தது. கஜானாவில் இருந்த பணம் முழுவதையும், ஒரு காசுகூட வீணாக்காமல், உங்கள் மீட்புக்காகவே செலவழித்துவிட்டோம். வரவும் செலவும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. மிச்சம் என்று ஒன்று இருந்தால்தானே திருட்டுப் பயம்? அந்தப் பயத்திலிருந்து உங்களை நிரந்தரமாக மீட்டிருக்கிறோம்."

பலத்த கைதட்டல். தட்டியவர்களில் பொய்யாகத் தட்டியவர் யாரும் இல்லை. எல்லாரும் பில் போட்டுப் பணம் வாங்கியவர்கள். சத்தம் அடங்கியதும் நர்ஸ் எழுந்தார்.

"எனக்குங்க?"

பதிவு அம்மா கணினியைப் பார்த்தார். "நீங்க எந்த பில்லும் குடுக்கலையே."

"நான் எதுவும் விக்கலையேம்மா."

"அதான் சொல்றேன். மன்றத்துக்கு உங்க பக்கத்துலேர்ந்து ஒத்துழைப்பே இல்லை."

நர்ஸ் மெல்ல உட்கார்ந்தார். முகம் அப்போதும் புன்னகைப்பது போலத்தான் இருந்தது. மெக்கானிக்கால் அதைப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி கணக்குச் சொன்னாள். போனதில் பெரும்பகுதி வந்துவிட்டது, வீட்டுக்காரரிடம் பேசலாம். சொல்லி முடிப்பதற்குள் அக்காவின் அழைப்பு. பேசிவிட்டு வந்தவளின் முகம் சுருங்கியிருந்தது.

"அத்தானுக்குப் போனது முழுசும் வந்து, மேலயும் வந்திருக்காம். சுவர் டைல்ஸ்ல அடிச்சிருக்காரு. நீங்களும் இருக்கீங்களே!"

மெக்கானிக் நர்ஸைப் பற்றிச் சொன்னார். நாலுல ஒரு பங்கு என்று சொன்னதையும் சொன்னார். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நம்மகிட்ட வந்ததுல அந்தம்மா பணமும் இருக்கா?"

"இருக்கு."

கொஞ்ச நேரம் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "அந்தப் பெரிய ஏசிப் பணத்தைக் குடுத்துடுங்க. வீட்டுக்காரர்கிட்ட நான் தவணை கேட்டுக்கறேன்."

நர்ஸ் ஒரு சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தார். சுவரெல்லாம் கீழேயிருந்து வந்த ஆவியில் ஈரமாக இருந்தது. மெக்கானிக் பணத்தை நீட்டினார். மறுப்பார், இரண்டு மூன்று தடவை வற்புறுத்தவேண்டும் என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்து வைத்திருந்தார்.

"வாங்கிக்கறேன் தம்பி" என்றார் நர்ஸ் உடனே. "வேணாம்னு சொல்ற வசதி எனக்கு இல்லை."

விஷயம் அதோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் மெக்கானிக்கின் மனைவிக்கு அக்காவிடம் சொல்லிக்காட்ட வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சரக்குக் கிடைத்திருந்தது. அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவளென்ன ஞானியா?

"அக்கா, இவரு அந்தம்மாவுக்குக் குடுத்துட்டு வந்துட்டாரு. நான்கூட யோசிச்சேன். அவரு கேக்கல. அந்த மனசு எல்லாருக்குமா வரும்?" யோசனை தன்னுடையது என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையே சலவைக்கடை வாசலில் டைல்ஸ்காரரின் கார் வந்து நின்றது. மூச்சு வாங்க மாடி ஏறினார்.

"எங்க சகலை எவ்வளவு குடுத்தாரு?"

நர்ஸ் சொன்னார்.

"அதுக்கு மேல வெச்சுக்குங்க" என்று எண்ணி வைத்தார். இறங்கும்போது படிக்கட்டில் நின்று படம் எடுத்து, ஒப்பந்தக்காரர்களின் கைபேசிக் குழுவில் போட்டார்.

அரைமணி நேரத்தில் வாத்தியார் நர்ஸின் மாடி ஏறி வந்தார். அவர் வந்தது தெரிந்து திரைச்சீலைக்காரர் வந்தார். ஒரு ரூபாயாவது வாத்தியாருக்கு மேலே இருக்கட்டும் என்றார். போன தொகை முழுதும் சேர்ந்ததும் நர்ஸ் கையைக் காட்டி நிறுத்தினார். கடைசியாக மாடி ஏறி வந்த மீன்தொட்டிக்காரரிடம், "என் பணம் வந்துடுச்சுப்பா. மேல வாங்கினா அது அடுத்தவங்களோடது" என்று சொல்லிவிட்டார். மீன்தொட்டிக்காரர் எவ்வளவோ கெஞ்சினார். குழுவில் என்ன பதில் சொல்வேன் என்று புலம்பிக்கொண்டே படியிறங்கினார்.

மீட்பு மன்றத்தின் இறுதி அறிக்கை பளபளப்பான தாளில் வெளிவந்தது. முதல் பக்கத்தில் நர்ஸின் படம். 'முழுத் தொகையையும் பெற்ற பயனாளி. மன்றத்தின் இடையறாத உழைப்புக்குச் சாட்சி' என்று கீழே அச்சிட்டிருந்தார்கள். முகம் புன்னகையோடு இருந்ததால் படம் நன்றாக வந்திருந்தது.

மெக்கானிக் அதை மனைவியிடம் காட்டினார். வீட்டுக்காரர் அன்றுதான் குறைகிற பணத்தைத் தவணையில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். இருவரும் அறிக்கையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அந்தம்மாவுக்கு மட்டும் ஒரு காசு குறையாம வந்துடுச்சுல்ல?" என்றாள் மனைவி.

"ம்."

"நமக்குத்தான் இன்னும் தவணை கட்டணும்."

"ம்."

"உண்மையைச் சொல்லுங்க. வயிறு எரியுதா?"

மெக்கானிக் யோசித்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "லேசா."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. இருவரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

"அத்தானுக்கும் எரியுதாம். காலையில அக்கா சொன்னா" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நமக்கு எரியறதெல்லாம் ஒரு எரிச்சலே இல்லையாம். அவருக்கு ராத்திரி தூக்கமே இல்லையாம்."

மெக்கானிக்கின் சிரிப்பு நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதெப்படி அவருக்கு மட்டும் அவ்வளவு?"